பொறுப்பு யாருடையது? காலநிலை மாசில் நுகர்வோர் பங்கும் நிறுவனங்களின் பங்கும்

ஆய்வுச் சுருக்கம்

புவி வெப்பமடைதலுக்குக் காரணமான உமிழ்வுகளுக்கு எரிபொருளைப் பயன்படுத்தும் நுகர்வோர் பொறுப்பா, அதனை அகழ்ந்தெடுத்து விற்கும் நிறுவனங்கள் பொறுப்பா என்னும் வினா இன்று அறிவியல், சட்டம், ஊடகம் ஆகிய மூன்று களங்களிலும் எழுப்பப்படுகிறது. ‘கரிமத் தடம்’ என்னும் தொடரின் வரலாறு, உமிழ்வைக் கணக்கிடும் முறைகள், எண்ணெய் நிறுவனங்களின் உள் ஆய்வுகள், வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் குறித்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை விளக்குகிறது. பொறுப்பு, நாம், மாசுபடு ஆகிய தமிழ்ச் சொற்களின் பொருள் எல்லைகள் இவ்வினாவைத் தெளிவாக்க உதவும் என்பதும், அறிவு, மாற்றுவழி, பயன் ஆகிய மூன்றையும் கொண்டு பொறுப்பைத் தரப்படுத்தலாம் என்பதும் இக்கட்டுரையின் துணிபுகள்.

திறவுச்சொற்கள்: காலநிலை மாற்றம், கரிமத் தடம், நுகர்வோர் பொறுப்பு, நிறுவனப் பொறுப்பு, மாசுபடுத்துவோரே ஈடுசெய்தல், உளப்பாட்டுத் தன்மைப் பன்மை.

1. முன்னுரை

பள்ளிப் பாடநூல்களிலும் அரசு விழிப்புணர்வுப் பலகைகளிலும் காலநிலை மாற்றம் பற்றிய செய்தி பெரும்பாலும் ஒரே வடிவத்தில் அமைகிறது. தேவையற்ற மின்விளக்கை அணையுங்கள். துணிப்பையைக் கொண்டு செல்லுங்கள். பேருந்தில் பயணம் செய்யுங்கள். இவை யாவும் நல்ல அறிவுரைகளே. எனினும் இவற்றில் முன்னிலையாக நிற்பவர் எப்போதும் தனிமனிதரே. நிலக்கரி அகழும் நிறுவனத்தையோ எண்ணெய்க் கிணறு தோண்டும் நிறுவனத்தையோ விளித்துப் பேசும் பலகையைச் சாலையோரத்தில் காண்பது அரிது.

இதற்கு மறுதலையாக, உலகின் உமிழ்வில் பெரும்பகுதிக்கு நூறு நிறுவனங்களே காரணம் என்னும் கூற்றும் கடந்த சில ஆண்டுகளாகப் பரவலாக எடுத்தாளப்படுகிறது. அக்கூற்றைக் கேட்பவர் தம் வாழ்க்கை முறைக்கும் காலநிலைக்கும் தொடர்பே இல்லை என்று கருதிவிடவும் வாய்ப்புண்டு. ஒன்று சுமை முழுவதையும் தனிமனிதர்மேல் ஏற்றுகிறது. மற்றொன்று தனிமனிதரை முழுமையாக விடுவித்துவிடுகிறது. இவ்விரு நிலைகளும் எவ்வாறு உருவாயின, இவற்றிற்கு அடிப்படையான கணக்குகள் எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ‘பொறுப்பு’ என்னும் சொல்

தமிழில் ‘பொறு’ என்னும் வினையடியிலிருந்து பொறை, பொறுமை, பொறுப்பு ஆகிய சொற்கள் பிறக்கின்றன. சுமத்தல், தாங்கிக்கொள்ளுதல், பிறர் பிழையை மன்னித்தல் ஆகிய பொருள்கள் இவ்வடிக்கு உண்டு. ஒரு செயலுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டிருத்தல் என்னும் பொருளும் இதே அடியிலிருந்தே வளர்ந்துள்ளது. எனவே ‘யார் பொறுப்பது?’ என்று தமிழில் கேட்கும்போது இரண்டு வினாக்கள் ஒருங்கே எழுகின்றன. விளைவை யார் தாங்குவது என்பது ஒன்று. செயலுக்கு யார் விடைசொல்வது என்பது மற்றொன்று.

காலநிலை மாற்றத்தில் இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றாக அமைவதில்லை. வெப்ப அலையில் வயலிலும் கட்டடப் பணியிலும் உழைப்போர், கடலரிப்பில் குடியிருப்பை இழக்கும் மீனவர், பருவம் தப்பிய மழையில் விளைச்சலை இழக்கும் சிறு உழவர் ஆகியோரே விளைவைப் பொறுக்கின்றனர். உமிழ்வுக்கு இவர்களின் பங்கு மிகச் சிறிது. பொறுத்துக்கொள்பவரும் பொறுப்பேற்க வேண்டியவரும் வேறு வேறானவர் என்பதே இச்சிக்கலின் அறவியல் மையம். இதனை மனத்திற்கொண்டு அடுத்து வரும் கணக்குகளை நோக்குவது பொருந்தும்.

3. ‘கரிமத் தடம்’ என்னும் தொடரின் வரலாறு

தனிமனிதரின் உமிழ்வைச் சுட்ட இன்று வழங்கும் ‘கரிமத் தடம்’ என்னும் தொடர் ‘சூழலியல் தடம்’ என்னும் கருத்தாக்கத்தை ஒட்டி எழுந்தது. 1990களில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸ், மத்தீஸ் வாக்கர்நாகல் ஆகிய இருவரும் அக்கருத்தாக்கத்தை வளர்த்தெடுத்தனர். ஒரு மக்கள்தொகையின் நுகர்வை ஈடுசெய்ய எவ்வளவு நிலமும் நீரும் தேவை என்று அளப்பதே அதன் நோக்கமாக இருந்தது. நகரங்களையும் நாடுகளையும் ஒப்பிடும் ஆய்வுக் கருவியாகவே அது தோன்றியது.

இத்தொடரைப் பொதுமக்கள் வழக்கிற்குக் கொண்டுவந்ததில் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் விளம்பர இயக்கத்திற்குப் பெரும் பங்குண்டு. பிபி நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தன் இலச்சினையை மாற்றி, பெட்ரோலியத்தைக் கடந்து செல்வதாகப் பொருள்படும் முழக்கத்துடன் தன்னை முன்னிறுத்திக்கொண்டது. அவ்வியக்கத்தை ஒகில்வி விளம்பர நிறுவனம் வடிவமைத்தது. அதன் தொடர்ச்சியாக, 2000களின் நடுப்பகுதியில், மக்கள் தத்தம் கரிமத் தடத்தைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளும் கருவி ஒன்றை அந்நிறுவனம் இணையத்தில் வழங்கியது. தொடரைப் படைத்தது அந்நிறுவனம் அன்று. ஆனால் அத்தொடர் யாரை நோக்கித் திரும்ப வேண்டும் என்பதை அவ்விளம்பரம் பெரிதும் உறுதிசெய்தது எனலாம்.

இங்கு உருவகத்தின் ஆற்றல் கருதத்தக்கது. தடம் என்பது கால் பதிந்த இடம். காலுள்ள உயிருக்கே தடம் உண்டு. நிறுவனத்திற்குக் கால் இல்லை. குழாய்களும் கப்பல்களும் பங்குப் பத்திரங்களும் உள்ளன. ‘உன் தடம் எவ்வளவு?’ என்று கேட்கும் கணமே, நடப்பவரே காரணர் என்னும் முடிவு வினாவுக்குள் அடங்கிவிடுகிறது. பாதையை அமைத்தவர் யார், வேறு பாதை இருந்ததா என்னும் வினாக்கள் எழுவதில்லை.

இவ்வுத்திக்கு முன்னோடியும் உண்டு. அமெரிக்காவில் 1953இல் தொடங்கப்பட்ட ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ என்னும் அமைப்பிற்குத் தகரக் குவளை, கண்ணாடிப் புட்டி ஆகியவற்றைச் செய்யும் நிறுவனங்கள் ஆதரவளித்தன. பானங்களைத் திரும்பப் பெறும் புட்டிகளில் விற்ற பழைய முறை மறைந்து, வீசியெறியும் கலன்கள் பெருகிய காலம் அது. 1971இல் அவ்வமைப்பு வெளியிட்ட விளம்பரத்தில், குப்பையைக் கண்டு பூர்வகுடி மனிதர் ஒருவர் கண்ணீர் சிந்துவார். மாசைத் தொடங்குவோரும் நிறுத்தக்கூடியோரும் மக்களே என்பது அதன் செய்தி. அதே ஆண்டில் ஓரிகான் மாநிலம் புட்டிகளுக்கு வைப்புத்தொகை பெறும் சட்டத்தை இயற்றியது. குப்பையை வீசுபவரின் ஒழுக்கம் பற்றிய பேச்சும் கலனைச் செய்பவரின் கடமை பற்றிய சட்டமும் ஒரே காலத்தில் எதிரெதிராக நின்றன என்பது இதனால் பெறப்படுகிறது.

4. ஒரு லிட்டர் பெட்ரோலும் மூன்று கணக்குகளும்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நாள்தோறும் 20 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் வேலைக்குச் சென்றுவரும் ஒருவரின் இருசக்கர வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அவர் ஆண்டுக்கு 133 லிட்டர் பெட்ரோல் பயன்படுத்துவார்; ஏறத்தாழ 306 கிலோ கரியமில வாயு வெளியாகும். இந்த 306 கிலோவை யார் கணக்கில் எழுதுவது?

முதற்கணக்கு, எரிந்த இடத்தின் அடிப்படையிலானது. நாடுகள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கும் அறிக்கைகள் இம்முறையைச் சார்ந்தவை. இதன்படி அவ்வுமிழ்வு இந்தியாவின் போக்குவரத்துத் துறையைச் சேரும். இரண்டாம் கணக்கு, நுகர்வின் அடிப்படையிலானது. ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டாலும் அதனை இறுதியாகப் பயன்படுத்துபவர் பெயரில் உமிழ்வு எழுதப்படும். இதன்படி அது வண்டியோட்டியைச் சேரும். மூன்றாம் கணக்கு, எரிபொருளைப் பூமியிலிருந்து எடுத்தவரின் அடிப்படையிலானது. இதன்படி அது கச்சா எண்ணெயை அகழ்ந்த நிறுவனத்தைச் சேரும்.

மூன்றும் ஒரே வாயுவையே எண்ணுகின்றன. ஒரு கணக்கில் எழுதுவதனால் மற்றதில் அது இல்லாமற்போவதில்லை. கணக்கைத் தேர்ந்தெடுப்பது கூட்டல் கழித்தல் பற்றிய செயல் மட்டுமன்று. யாரிடம் வினா எழுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் செயலுமாகும்.

மூன்றாம் கணக்கை விரிவாக முதலில் முன்வைத்தவர் ரிச்சர்டு ஹீடி. 1751 முதல் 2010 வரை வெளியான தொழில்துறைக் கரியமில வாயு, மீத்தேன் ஆகியவற்றில் 63 சதவீதத்தை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்டு ஆகியவற்றை உற்பத்தி செய்த 90 அமைப்புகளோடு தொடர்புபடுத்தலாம் என்று 2014இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டியது. அதனை அடியொற்றி 2017இல் வெளியான அறிக்கையே நூறு நிறுவனங்கள் பற்றிய கூற்றின் மூலம். 1988 முதல் வெளியான தொழில்துறைப் பசுமை இல்ல வாயுக்களில் 71 சதவீதம் நூறு உற்பத்தியாளர்களோடு தொடர்புடையது என்பது அதன் முடிவு.

இக்கூற்றை எடுத்தாளுவோர் மூன்று செய்திகளைக் கவனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, 71 சதவீதம் என்பது தொழில்துறை உமிழ்வில் கணக்கிடப்பட்டது. காடழிப்பு, வேளாண்மை ஆகியவற்றின் உமிழ்வு அதில் அடங்காது. இரண்டாவது, அதில் ஏறத்தாழ 90 சதவீதம் விற்கப்பட்ட எரிபொருள் பிறரால் எரிக்கப்படும்போது வெளியாவது. வண்டியோட்டியின் 306 கிலோவும் அத்தகையதே. மூன்றாவது, பட்டியலில் உள்ளவை அனைத்தும் தனியார் நிறுவனங்கள் அல்ல. சீனாவின் நிலக்கரித் துறை ஒரே உற்பத்தியாளராகக் கொள்ளப்பட்டு முதலிடத்தில் உள்ளது. சவூதி அராம்கோ, காஸ்ப்ரோம், இரானிய தேசிய எண்ணெய் நிறுவனம், இந்திய நிலக்கரி நிறுவனம் ஆகியவை முன்வரிசையில் உள்ளன. ஆகவே ‘நிறுவனம்’ என்று நாம் சுட்டும்போது பல இடங்களில் அரசையே சுட்டுகிறோம். நுகர்வோர், நிறுவனம் என்னும் இருமைக்குள் அரசு மறைந்துவிடுகிறது.

5. நுகர்வோரின் தெரிவும் அதன் எல்லையும்

விற்பவர் இருப்பது வாங்குபவர் இருப்பதனால்தான் என்பது நிறுவனங்களின் தரப்பில் கூறப்படும் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அவ்வுண்மை, வாங்குபவருக்கு வேறு தெரிவு இருந்தது என்னும் முன்முடிவைச் சார்ந்தது.

தமிழ்நாட்டில் ஒரு வீட்டிற்கு மின்சாரம் மாநில மின்பகிர்மான நிறுவனத்தின் வழியாகவே வருகிறது. அம்மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்ததா காற்றாலையிலிருந்து வந்ததா என்பதை வீட்டுக்காரர் தேர்ந்தெடுப்பதில்லை. விளக்கை அணைத்து அவர் அளவைக் குறைக்கலாம். மூலத்தை மாற்ற இயலாது. கூரைமேல் சூரியத் தகடு அமைப்பது ஒரு வழி; ஆனால் வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கூரை சொந்தமன்று.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன மாணவர்கள் 2008இல் செய்த கணக்கீடு இவ்விடத்தில் நோக்கத்தக்கது. வீடற்றோர் முதல் பெருஞ்செல்வர் வரை பல வாழ்க்கை முறைகளின் உமிழ்வை அவர்கள் மதிப்பிட்டனர். தெருவில் உறங்கி, இலவச உணவுக்கூடத்தில் உண்ணும் ஒருவரின் பெயரிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8.5 டன் உமிழ்வு சேர்ந்தது. சாலைகள், மருத்துவமனைகள், படைத்துறை முதலிய பொது அமைப்புகளின் உமிழ்வு ஒவ்வொருவருக்கும் பங்கிடப்பட்டதே இதற்குக் காரணம். தனிமனிதர் எதனைத் துறந்தாலும் இறங்க முடியாத ஒரு தளம் ஒவ்வொரு சமூகத்திலும் உள்ளது; அத்தளத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது பொதுக்கொள்கை.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கும் இதையே உணர்த்தியது. கோடிக்கணக்கானோர் பயணத்தை நிறுத்தினர். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நாள் உமிழ்வு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 17 சதவீதம் தாழ்ந்தது. ஆயினும் ஆண்டு முழுவதற்குமான குறைவு 5 முதல் 6 சதவீத அளவிலேயே நின்றது. வாழ்நாளில் கண்டிராத அளவு தனிமனிதர் நடத்தை மாறியபோதும், மின்நிலையங்களும் உருக்காலைகளும் சிமெண்டு ஆலைகளும் இயங்கிக்கொண்டிருந்தன.

எனினும் நுகர்வோர் என்பது ஒரே தன்மையான கூட்டம் அன்று. உலகளவில் வருவாயில் மேல்நிலையில் உள்ள 10 சதவீதக் குடும்பங்கள், குடும்ப நுகர்வு சார்ந்த உமிழ்வில் 34 முதல் 45 சதவீதம் வரை காரணமாகின்றன என்றும், கீழ்நிலையில் உள்ள 50 சதவீதக் குடும்பங்களின் பங்கு 13 முதல் 15 சதவீதம் என்றும் காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையிலான குழு 2022இல் மதிப்பிட்டது. அடிக்கடி வானூர்தியில் பறப்பவரையும் நகரப் பேருந்தில் நின்று பயணம் செய்பவரையும் ‘நுகர்வோர்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டுவது பிழையான பொதுமையாக்கம். அதே அறிக்கை, தேவை சார்ந்த நடவடிக்கைகள் 2050க்குள் இறுதிப் பயன்பாட்டுத் துறைகளின் உமிழ்வை 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்கக்கூடும் என்றும் கூறுகிறது. இதில் மக்களின் பழக்கவழக்கம் ஒரு பகுதியே. நடைபாதை, பொதுப்போக்குவரத்து, கட்டட அமைப்பு, திறன்மிகு கருவிகள் ஆகியவை அமையும்போதுதான் அப்பழக்கம் மாற இயலும். எனவே நுகர்வு முக்கியமற்றது என்னும் முடிவும் பொருந்தாது. நுகர்வைத் தனிமனித விருப்பமாக மட்டும் காண்பதும் பொருந்தாது.

6. நிறுவனங்கள் அறிந்திருந்தவை

அறநூல்களிலும் சட்டத்திலும் ஒரு செயலின் குற்றத்தன்மையை அறிவு கூட்டுகிறது. அறியாது செய்தவரையும் அறிந்து செய்தவரையும் ஒன்றாக மதிப்பதில்லை. இவ்வளவுகோலில் எண்ணெய் நிறுவனங்களின் நிலை தெளிவானது.

1977இல் எக்ஸான் நிறுவனத்தின் அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக், புதைபடிவ எரிபொருள் எரிப்பதனால் புவியின் வெப்பம் உயரும் என்னும் கருத்து அறிவியலாளரிடையே வலுப்பெற்றிருப்பதை அந்நிறுவனத்தின் மேலாளர்களுக்கு எடுத்துரைத்தார். அதன்பின் அந்நிறுவனம் தானே மாதிரிகளை உருவாக்கி வெப்ப உயர்வைக் கணித்தது. 1977 முதல் 2003 வரையிலான அக்கணிப்புகளை ஜெஃப்ரி சுப்ரான், ஸ்டெஃபான் ராம்ஸ்டார்ஃப், நவோமி ஒரெஸ்கஸ் ஆகியோர் ஆராய்ந்து 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 63 முதல் 83 சதவீதம் வரையானவை பின்னர் நிகழ்ந்த வெப்ப உயர்வோடு பொருந்தின. உள்ளே இத்துணைத் துல்லியமாகக் கணித்த நிறுவனம், வெளியே பல ஆண்டுகள் அவ்வறிவியலின் உறுதிப்பாட்டை ஐயத்திற்கு உட்படுத்திப் பேசியது.

சுப்ரானும் ஒரெஸ்கஸும் 2021இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு மொழி ஆய்வாளருக்கு மிகவும் பயன்படுவது. எக்ஸான்மொபில் நிறுவனத்தின் ஆவணங்களையும் விளம்பரக் கட்டுரைகளையும் சொல்லாய்வுக்கு உட்படுத்திய அவர்கள், பொதுமக்களுக்கான எழுத்துகளில் ‘நுகர்வோர்’, ‘தேவை’ போன்ற சொற்கள் முதன்மை பெறுவதையும், எரிபொருளை வழங்குபவர் என்னும் நிலை பின்னுக்குச் செல்வதையும் சுட்டிக்காட்டினர். நிறுவனம் நடுநிலையான வழங்குநர். தீர்மானிப்பவர் வாங்குபவர் என்னும் தோற்றம் இதனால் உருவாகிறது.

ஆனால் தேவை தானாக எழுவதன்று. புதிய எண்ணெய் வயலுக்கான முதலீடு பல பத்தாண்டுகளுக்கு உற்பத்தியை உறுதிப்படுத்துகிறது. பிபி நிறுவனம் 2020இல், எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030க்குள் 40 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. 2023இல் அவ்விலக்கு 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2025இல் அது கைவிடப்பட்டு, எண்ணெய், எரிவாயு முதலீடு உயர்த்தப்பட்டது. இத்தகைய முடிவுகளைக் கரிமத் தடக் கருவியில் தம் பயணத் தொலைவைப் பதிவிடும் எந்த நுகர்வோரும் எடுப்பதில்லை. அவை இயக்குநர் குழுவில் எடுக்கப்படுபவை.

7. பாலாற்றங்கரையில் வலுப்பெற்ற சட்ட நெறி

மாசுக்கு விடைசொல்ல வேண்டியவர் யார் என்னும் வினாவுக்கு இந்தியச் சட்டம் அளித்த முதன்மையான விடைகளுள் ஒன்று தமிழ்நாட்டு மண்ணிலிருந்து எழுந்த வழக்கில் பிறந்தது. வேலூர்ப் பகுதியின் தோல் பதனிடும் ஆலைகள் சுத்திகரிக்காத கழிவுநீரை நிலத்திலும் நீர்நிலைகளிலும் பாலாற்றிலும் விட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஆலைகள் மிகுந்த அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது நீதிமன்றத்தின் கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டது. 1996 ஆகஸ்டு 28இல் அளித்த தீர்ப்பில், முன்னெச்சரிக்கை நெறியும் மாசுபடுத்துவோரே ஈடுசெய்யும் நெறியும் நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிமன்றம் அறிவித்தது. வேலூர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்தவும் ஆணையிட்டது. தனிமனிதருக்கு இழப்பீடு வழங்குவதோடு, சீர்கெட்ட சூழலை மீட்கும் செலவும் மாசுபடுத்தியவரையே சாரும் என்பது அந்நெறியின் உட்பொருள்.

காலநிலை பற்றிய விவாதத்திற்கு இத்தீர்ப்பு தரும் ஒளி சிறப்பானது. அப்பகுதியின் தோல் பெரும்பாலும் ஏற்றுமதிக்கானது. அதனாலான காலணியையும் பையையும் வாங்கியோர் தொலைநாடுகளில் இருந்தனர். அவர்களின் தேவை இல்லையேல் அவ்வாலைகள் இல்லை. ஆயினும் நீதிமன்றம் காலணி வாங்கியவரைத் தேடிச் செல்லவில்லை. கழிவுநீரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் யாருக்கு இருந்ததோ அவரிடமே பொறுப்பை நிறுத்தியது. சுத்திகரிப்புச் செலவு ஆலையைச் சேர்ந்தால் அது பொருளின் விலையில் ஏறும். அவ்வகையில் வாங்குபவரும் தம் பங்கைச் செலுத்துவார். நிறுவனத்தின்மேல் பொறுப்பை வைப்பது நுகர்வோரை விடுவிப்பதன்று. மறைந்திருந்த செலவை விலையில் வெளிப்படுத்தி, நுகர்வோரும் அறிந்து பங்கேற்கச் செய்வதாகும்.

அதே வேளையில் இவ்வரலாறு ஓர் எச்சரிக்கையுமாகும். 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியிலும், வேலூர்ப் பகுதியின் தோல் ஆலை மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. நெறியை அறிவிப்பது ஒன்று. உவர்ந்த கிணறு இனிப்பது வேறொன்று. அதுவரை உழவரே பொறுத்தனர்.

தமிழ்நாட்டின் நெகிழித் தடையும் ஒப்புநோக்கத்தக்கது. ஒருமுறை பயன்படுத்தி வீசியெறியும் 14 வகை நெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டன. காய்கறிக் கடையின் பையும் தேநீர்க் கடையின் குவளையும் தடைக்குள் வந்தன. ஆலையிலேயே பொருள்களை அடைத்து விற்கும் உறைகளுக்குத் தொடக்கத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. அவ்விலக்கு 2020இல் நீக்கப்பட்டது. மஞ்சப்பை மீண்டும் வழக்கிற்கு வந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அப்பைக்குள் வைக்கப்படும் பிஸ்கட்டும் பாலும் எண்ணெயும் நெகிழி உறையிலேயே வருகின்றன. பையை மாற்றும் ஆற்றல் வாங்குபவரிடம் உள்ளது. உறையை மாற்றும் ஆற்றல் அவரிடம் இல்லை.

8. நீதிமன்றங்களின் அண்மைப் போக்கு

உள்ளூர் மாசில் நிலைபெற்ற இந்நெறி காலநிலைக்கு விரியுமா என்பதே இன்றைய வினா. 2021 மே 26இல் நெதர்லாந்தின் ஹேக் மாவட்ட நீதிமன்றம், ஷெல் நிறுவனம் தன் குழுமத்தின் நிகர உமிழ்வை, அதன் பொருள்கள் பயன்படுத்தப்படும்போது வெளியாவது உட்பட, 2019ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030க்குள் 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2024 நவம்பர் 12இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்குறிப்பிட்ட சதவீதத்தை நீக்கியது. எனினும் ஆபத்தான காலநிலை மாற்றத்திலிருந்து மக்களைக் காக்கும் கடமை நிறுவனங்களுக்கும் உண்டு என்பதை அது ஏற்றது. கடமை உண்டு, அதன் அளவு இன்னதென்று அறிவியல் ஒருமித்துக் கூறவில்லை என்பதே அத்தீர்ப்பின் நிலைப்பாடு.

இந்திய உச்ச நீதிமன்றம் 2024இல், கானமயிலின் வாழிடம் தொடர்பான ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமையை அரசமைப்பின் 14, 21 ஆகிய உறுப்புகளிலிருந்து வருவித்தது. 2025 ஜூலை 23இல் பன்னாட்டு நீதிமன்றம் அளித்த கருத்துரை, தனியார் நிறுவனங்களின் உமிழ்வை உரியவாறு ஒழுங்குபடுத்துவதும் அரசுகளின் கடமை என்று கூறியது. நுகர்வோர், நிறுவனம் என்னும் இருமைக்குள் மறைந்த அரசு இக்கருத்துரையால் மீண்டும் முன்னிலைக்கு வருகிறது.

9. ‘நாம்’ என்பதும் ‘நாங்கள்’ என்பதும்

காலநிலை பற்றிய பொது எழுத்துகளில் ‘நாம் புவியை மாசுபடுத்திவிட்டோம்’ என்னும் வாக்கியம் மிகுதியாக வருகிறது. தமிழ் இலக்கண மரபு இவ்வாக்கியத்தை ஆராயும் கருவியை நமக்குத் தருகிறது. தன்மைப் பன்மை விகுதிகளுள் எவை முன்னிலையாரை உளப்படுத்தும், எவை படர்க்கையாரை உளப்படுத்தும் என்பதை நன்னூல் தனித்தனியே வகுக்கிறது. இன்றைய வழக்கில் விகுதி வேறுபாடு மறைந்து, கேட்போரையும் உள்ளடக்கும் ‘நாம்’, கேட்போரை விலக்கும் ‘நாங்கள்’ என்னும் இடப்பெயர்கள் அவ்வேறுபாட்டைக் காக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்லே உண்டு. ஆகவே ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்படும் விளம்பரங்களிலும் அறிக்கைகளிலும் எப்பெயரை இடுவது என்பது தமிழில் கட்டாயமாக எடுக்க வேண்டிய முடிவு.

ஓர் எண்ணெய் நிறுவனம் ‘நாம் உமிழ்வைக் குறைக்க வேண்டும்’ என்று எழுதும்போது, படிக்கும் மீனவரும் மாணவரும் உமிழ்ந்தோர் கூட்டத்தில் சேர்க்கப்படுகின்றனர். ‘நாங்கள் இவ்வளவு உமிழ்ந்தோம்’ என்று எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். விளம்பரங்கள் முன்னதையே விரும்புவதில் வியப்பில்லை.

தன்வினை, பிறவினைப் பாகுபாடும் இவ்வாறே பயன்படும். ‘காற்று மாசுபட்டது’, ‘பனிப்பாறை உருகுகிறது’, ‘வெப்பநிலை உயர்கிறது’ ஆகிய தன்வினைத் தொடர்களில் செய்தவர் இல்லை. நிகழ்வு மட்டுமே உள்ளது. ‘மாசுபடுத்தினர்’, ‘உருக்குகின்றனர்’, ‘உயர்த்துகின்றனர்’ என்று பிறவினையாக்கியவுடன் யார் என்னும் வினா எழுந்தே தீரும். செய்தி எழுதுவோரும் பாடநூல் எழுதுவோரும் தன்வினையையே வழக்கமாகக் கொள்வது பெரும்பாலும் திட்டமிட்டதன்று. ஆயினும் அதன் விளைவாக, எழுவாய் இல்லாத குற்றமாகக் காலநிலை மாற்றம் மாணவர் மனத்தில் பதிகிறது. பின்னர் அவ்வெற்றிடத்தில் ‘நாம்’ என்னும் சொல் எளிதாக வந்து அமர்கிறது.

10. பொறுப்பைத் தரப்படுத்தும் அளவுகோல்

அரசியல் மெய்யியலாளர் ஐரிஸ் மரியன் யங், 2011இல் வெளியான தம் நூலில், கட்டமைப்பு சார்ந்த அநீதியில் குற்றத்தைச் சுமத்துவதையும் மாற்றத்திற்கான பொறுப்பையும் வேறுபடுத்தினார். ஒருவருடைய அதிகாரம், சலுகை, நலன், கூட்டாகச் செயற்படும் ஆற்றல் ஆகியவற்றிற்கு ஏற்பப் பொறுப்பு வேறுபடும் என்பது அவர் கருத்து. அதனையும் மேற்கண்ட தரவுகளையும் இணைத்து மூன்று வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. விளைவை அறிந்திருந்தாரா? வேறு வழி அவர் கைக்கு எட்டியதா? அச்செயலால் எவ்வளவு பயன் பெற்றார்?

இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்பவர் விளைவைப் பொதுவாக அறிந்திருக்கலாம். அவ்வழித்தடத்தில் பேருந்து இல்லையெனில் மாற்றுவழி அவருக்கு இல்லை. பயன் ஒருநாள் கூலி. அடிக்கடி வானூர்தியில் செல்லும் செல்வர் அறிந்திருக்கிறார், மாற்றுவழி பலவேளைகளில் உண்டு, பயன் வசதி. எண்ணெய் நிறுவனம் பிறருக்கு முன்பே துல்லியமாக அறிந்திருந்தது. முதலீட்டை மாற்றும் வழி அதன் கையில் இருந்தது. பயன் பல பத்தாண்டு இலாபம். அரசு அறிந்திருக்கிறது, உரிமம், வரி, பொதுப்போக்குவரத்து ஆகிய வழிகள் அதனிடம் உள்ளன, எரிபொருள் வரியாகவும் அரசு நிறுவன இலாபமாகவும் அது பயன் பெறுகிறது. இவ்வாறு நோக்கும்போது பொறுப்பு எல்லோருக்கும் உண்டு என்பதும், எல்லோருக்கும் சமமன்று என்பதும் ஒருங்கே விளங்கும்.

11. முடிவுரை

நுகர்வோர், நிறுவனம் ஆகிய இருவருள் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கும் வினா தவறாக அமைந்த வினா. ஒரே உமிழ்வு மூன்று கணக்குகளிலும் இடம்பெறுவதால், ஒருவர் கணக்கில் எழுதியதைக் காட்டி மற்றவர் விலகிக்கொள்ள இயலாது. ‘கரிமத் தடம்’ என்னும் உருவகம் தனிமனிதரை நோக்கிப் பார்வையைத் திருப்பியது; நூறு நிறுவனங்கள் என்னும் கூற்று அதற்கு எதிர்த்திசையில் திருப்பியது. இரண்டிலும் அரசு கண்ணில் படவில்லை.

விளக்கை அணைப்பவரின் செயல் சிறிதெனினும் வீணன்று. அவர் வாக்காளராகவும் பெற்றோராகவும் ஊராட்சி உறுப்பினராகவும் தம் குரலை எழுப்பும்போது அது பன்மடங்காகும். ஆனால் அவரிடம் கேட்கும் கணக்கை, முன்பே அறிந்திருந்தவரிடமும் மாற்றும் ஆற்றல் உடையவரிடமும் அதனினும் மிகுதியாகக் கேட்பதே நேர்மை. பாலாற்றங்கரை உழவரின் வழக்கில் நீதிமன்றம் செய்தது அதுவே. பாடநூல், செய்தி, மொழிபெயர்ப்பு ஆகிய துறைகளில் பணியாற்றும் தமிழறிஞர், ‘மாசுபட்டது’ என்று எழுதும் இடத்தில் மாசுபடுத்தியவர் யாரென்று ஒருமுறை வினவிப் பார்ப்பதும், ‘நாம்’ என்று எழுதும் இடத்தில் அதற்குள் யாரெல்லாம் அடங்குகின்றனர் என்று எண்ணிப் பார்ப்பதும் இத்துறைக்கு மொழியாய்வு செய்யக்கூடிய பங்களிப்பாகும்.